தூக்கம் கலையாத பிள்ளை

“இன்ஃபன்ட்னா பேசத் தெரியாதவங்கன்னு அர்த்தமாம்மா. அப்ப நம்ம தம்பி எத்தனை வயசு வரைக்கும் இன்ஃபன்ட்?”

தமிழ்மொழி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்ட கேள்வி இது. ஐந்தாம் வகுப்பில் ஆங்கில டீச்சர் ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்து, அதன் உறவுக்காரச் சொற்களைத் தேடி ஒரு சார்ட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தார். தமிழ்மொழிக்கு வந்தது ‘இன்ஃபன்ட்’. கைக்குழந்தை என்று எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். பழைய லத்தீனில் அதற்குப் ‘பேச்சில்லாதவர்’ என்று பொருள் என்பதை டீச்சர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

மலர்கொடி, மகள் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அறிவழகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. ‘அம்மா’ என்று ஒரு தடவைகூட அவன் சொன்னதில்லை.

அதே கவலையைப் பக்கத்து குவார்ட்டர்ஸ் உமாராணி அதற்கு முன்பே சொல்லியிருந்தாள். ஒருநாள் அவள் கையிலிருந்த எவர்சில்வர் தாம்பாளம் தவறிக் கீழே விழுந்தது. தெருவில் போன நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. அருகில் விளையாடிக்கொண்டிருந்த அறிவழகன் திரும்பவில்லை. “மலரு, பையனுக்குக் காது டெஸ்ட் பண்ணிப் பாரேன்” என்றாள் உமாராணி. மலர்கொடிக்கு வந்ததே கோபம். “புள்ள பெத்து வளத்திருந்தா இப்பிடிப் பேச மாட்டீங்க” என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் குழந்தையில்லாத பெண்ணிடம் அந்த வார்த்தை. உமாராணி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

ஆனால் மகளின் கேள்வியை அப்படி விரட்ட முடியவில்லை. அது தூக்கத்திலும் வந்து உட்கார்ந்தது. டவுன்ஷிப் டாக்டரிடம் போனாள். அவர் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். இன்று சனிக்கிழமை, சோதனைக்குக் குறித்த நாள்.

சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் ஒலி விட்டு, அது மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நேரம் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். “விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிடுங்க. வர்ற வழியில கண்ணை மூட விடாதீங்க. இங்க வந்ததும் தானா தூங்கிடுவான்” என்று போனில் சொல்லியிருந்தார்கள். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது கிடைக்க மாதக்கணக்காகும். மூன்று வயதுக்குள் தெரிந்துகொள்வதும் பிறகு தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்று டவுன்ஷிப் டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார்.

அதனால் இருட்டோடு எழுந்து, பூஜை அலமாரியில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, மலர்கொடி மகனை எழுப்பினாள். கன்னத்தைத் தட்டினாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவன் சிணுங்கி, பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். பிள்ளையைத் தூங்க விடாமல் வைத்திருப்பது அந்த வீட்டுக்குப் புதுப் பழக்கம்.

அது தூக்கத்துக்குக் கட்டுப்பட்ட வீடு. குமரவேலுக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் அவன் பகலில் தூங்குவான். அவன் தூங்கும்போது அந்த வீட்டில் டி.வி. ஓடாது, குக்கர் விசில் போடாது. தாயும் மகளும் கண்ணாலும் கையாலும் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த அறிவழகன், மைன்ஸ் சங்கு ஊதினாலும் எழ மாட்டான். தீபாவளி வெடிக்கும் எழ மாட்டான். “நைட் ஷிப்ட்காரன் வூட்டுக்குன்னே பொறந்த புள்ளடா இது” என்று குமரவேல் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான். மலர்கொடியும்தான். சேத்தியாத்தோப்பில் அவள் அம்மா வீட்டார்கூட, இப்படி ஒரு தங்கமான பிள்ளை உண்டா என்று திருஷ்டி கழித்தார்கள்.

காலையில் குமரவேல் கரி படிந்த கண்ணிமையோடு வந்தான். லீவு கேட்டிருந்தான். மாற்று ஆள் வராததால் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறான்.

“நீங்க படுங்க. நாங்க போய்ட்டு வரோம்” என்றாள் மலர்கொடி.

“எம் புள்ளைக்கு டெஸ்ட்டு. நான் படுத்துக்கினு இருப்பனா?” குளித்துவிட்டு, இட்லியை நின்றபடியே தின்றுவிட்டு அவன் செருப்பை மாட்டினான்.

கடலூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு கிடைத்தது. ஜன்னலோரம் தமிழ்மொழி, நடுவில் மலர்கொடி, ஓரத்தில் மடியில் மகனோடு குமரவேல். பஸ் கிளம்புவதற்குள் போன் அடித்தது. நெல்லிக்குப்பத்திலிருந்து அவன் அக்கா விஜயலட்சுமி. அவள் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“டேய் குமாரு, எங்கடா கிளம்பிட்ட புள்ளையத் தூக்கிக்கினு?”

“கடலூருக்குக்கா. சும்மா ஒரு செக்கப்பு.”

“செக்கப்பாம் செக்கப்பு! நீ மூணு வயசுலதாண்டா வாயத் தொறந்த. நம்ம வூட்டு ஆம்பளப் புள்ளைங்க எல்லாம் லேட்டுதான். உங்க வூட்டுல யாருடா பேசறீங்க, அது கத்துக்க? ஊமை வூடு மாதிரி வச்சிக்கினு இருக்கீங்க. ஒரு மாசம் எங்கிட்ட விடு. எங்க வூட்டுல நாலு புள்ளைங்க கலகலன்னு கத்திக்கினு கெடக்குதுங்க, பேச்சு தானா வரும். கோயிலுக்கும் வேண்டிக்கினு இருக்கேன். மலரு பக்கத்துல இருக்காளா?”

“இருக்கேன் அண்ணி.”

“காதுல ஒயரு கியரு மாட்டி புள்ளைய பயமுறுத்தாதீங்க. கேட்டுதா?”

“கேட்டுது அண்ணி.”

போனை வைத்ததும் குமரவேல் சிரித்தான். “எங்கக்கா பேசறது கடலூருக்கே கேட்டிருக்கும். போன் எதுக்கு அவளுக்கு?”

மலர்கொடியும் சிரித்தாள். விஜயலட்சுமி மனசில் கள்ளமில்லை. அன்புதான் சத்தமாக வருகிறது. ஆனாலும் அந்த ‘ஊமை வூடு’ நெஞ்சில் முள்ளாக நின்றது.

“பாப்பா, நீ பேசிக்கினே வா. அப்பதான் அப்பாவுக்கும் தம்பிக்கும் தூக்கம் வராது” என்றான் குமரவேல். “என்னமோ சார்ட்டு எழுதறியே, அதச் சொல்லு.”

தமிழ்மொழிக்கு வேறென்ன வேண்டும்? “இன்ஃபன்ட்னா கைக்குழந்தை. இன்ஃபன்சினா குழந்தைப் பருவம். இன்ஃபன்டைல்னா சிறுபிள்ளைத்தனம். பெரியவங்க அடம் புடிச்சா அப்பிடிச் சொல்வாங்க.”

“உங்கத்தை மாதிரி.”

“ஏங்க!” என்று மலர்கொடி அதட்டினாள்.

“அப்புறம் இன்ஃபன்ட்ரி. அப்பிடின்னா காலாட்படைப்பா.”

“அது எப்பிடி? குழந்தைங்களா சண்டைக்குப் போவுது?”

“அந்தக் காலத்துல ரொம்ப சின்ன வயசுப் பசங்களுக்குக் குதிரை தர மாட்டாங்களாம். நடந்துதான் போகணுமாம். அதனால அந்தப் பேரு.”

“அப்ப கான்ட்ராக்ட்ல இருந்தப்ப மைன்ஸுக்கு நடந்தே போனேனே, நானும் இன்ஃபன்ட்ரிதான். பர்மனென்ட் ஆனப்புறம்தான் எனக்குக் குதிரை வந்துச்சி.” குதிரை என்று அவன் சொன்னது தன் பழைய பைக்கை.

“இன்னொண்ணு இருக்குப்பா. இங்கிலீஷ்காரங்க சட்டத்துல மேஜர் ஆகாத எல்லாருமே இன்ஃபன்ட்தானாம். அப்ப நானும் இன்ஃபன்ட்!”

“வாயாடி இன்ஃபன்ட்டு” என்று குமரவேல் மகள் தலையில் செல்லமாகத் தட்டினான்.

தமிழ்மொழி தம்பியின் விரலைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா பாரும்மா, தமிழ்ல மழலைன்னா குழந்தை பேசற பேச்சு. நாம அதோட பேச்சை வச்சிக் கூப்பிடறோம். அவங்க அது பேசாததை வச்சிக் கூப்பிடறாங்க.”

மலர்கொடி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வடலூர் வந்தது. ஞானசபை இருக்கும் திசையைப் பார்த்துக் கை கூப்பினாள். ஜோதியே, எது உண்மையோ அதைத் தாங்கும் பலத்தைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். கண்ணைத் திறந்து திரும்பியபோது குமரவேலின் தலை சாய்ந்திருந்தது. இரவெல்லாம் நின்றவனுக்கு ஜன்னல் காற்று தாலாட்டாக இருந்திருக்கும்.

அப்போது நடந்ததை நினைத்து மலர்கொடி பின்னால் பல நாள் வருந்தினாள். அதை அவள் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. வருடக்கணக்கான பழக்கம் அது. கணவன் கண் மூடியதைப் பார்த்ததும் அவள் விரல் தானாக உதட்டுக்குப் போனது. தமிழ்மொழி பாதிச் சொல்லில் வாயை மூடினாள். வெயில் அவன் முகத்தில் படாமல் மலர்கொடி முந்தானையைப் பிடித்தாள். பின் சீட்டுக்காரர் போனில் பாட்டுப் போட்டபோது, “நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வராரு அண்ணா” என்று கெஞ்சி நிறுத்தச் சொன்னாள். வீட்டில் எப்படியோ அப்படியே. முந்தானை நிழலில், அப்பாவின் மார்பில், அறிவழகனும் கண்ணை மூடியிருந்தான்.

குறிஞ்சிப்பாடி தாண்டி வெகு தூரம் போன பிறகுதான் தமிழ்மொழி மெல்லச் சைகை காட்டினாள். அம்மா, தம்பி.

மலர்கொடி முந்தானையை உதறினாள். “ஐயோ! ஏங்க, எந்திரிங்க! புள்ள தூங்கிட்டான்!”

எழுப்பினார்கள். அழுதான், பிறகு தெளிந்தான். கடலூரில் இறங்கும்போது, நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளையாகத் துறுதுறுவென்று கடைகளைக் கைகாட்டிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் சோதனை செய்யும் பெண்ணின் பெயர் இசைப்பிரியா. இளம் வயது, பொறுமையான முகம். அறிவழகன் ஒயரைப் பிடுங்கி எறிந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வழியில தூங்கிட்டானா?”

மலர்கொடி தலை குனிந்தாள்.

“தூங்கறதுக்கு மருந்து குடுக்கக் குழந்தை டாக்டர் பாத்து எழுதணும். அவர் இன்னிக்கு லீவு. மதியம் வரைக்கும் பாருங்க. வரவங்கள முன்னாடி விட்டுட்டு உங்கள கடைசியா வச்சிக்கறேன். அதுக்குள்ள தூங்கலன்னா வேற தேதிதான் அக்கா. எனக்கும் வேற வழியில்ல.”

வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பால் கொடுத்தார்கள். தோளில் போட்டுத் தட்டினார்கள். அவன் தோளிலிருந்து எட்டிப் பார்த்து, வருகிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்தான். ஒவ்வொரு தாயாக உள்ளே போய், தூங்கும் பிள்ளையோடு வெளியே வந்தாள். வெயில் ஏறியது.

குமரவேல் சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டான். “என்னாலதான். நான் வந்திருக்கவே கூடாது. வந்தும் கெடுத்தேன்.”

“உங்கள யாரு சொன்னா? நான்தான் முந்தானையப் புடிச்சிக்கினு காவல் காத்தேன்.” என்றாள் மலர்கொடி. “உமாராணி அக்கா சொன்னப்பவே வந்திருந்தா மருந்து, தேதின்னு எல்லாத்துக்கும் நேரம் இருந்திருக்கும். அவங்கள வாயில வரக்கூடாத வார்த்த சொன்னேன்.”

குமரவேல் நிமிர்ந்து பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன் போல இருந்தது.

“ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. போன மாசம் நைட் ஷிப்ட் முடிச்சி தூங்கிக்கினு இருந்தேன். தாகமா இருந்துச்சின்னு எந்திரிச்சி பின்னாடி போனேன். அந்த அக்கா அவங்க பின்வாசல் வரைக்கும் ஒயர இழுத்துக்கினு வந்து, மிக்ஸியத் தரையில வச்சி, மேல துண்டப் போட்டு மூடி அரைச்சிக்கினு இருந்தாங்க. சமையக்கட்டுல போட்டா நம்ம செவுத்துக்குக் கேக்குமேன்னு.”

“எப்ப?”

“நீ சண்ட போட்ட அப்புறம்தான். என்னப் பாத்ததும், சொல்லிடாத தம்பின்னு கைய ஆட்டினாங்க. பகல்ல தூங்கறவன் நானு. பக்கத்து வூட்டுல சத்தம் இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? நமக்காக சத்தத்த அடக்கறத ஒரு நாளும் அவங்க நிறுத்தல மலரு.”

மலர்கொடி மகனை வாங்கிக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போனாள். அங்கே ஒரு பழைய பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்து, அவனை மார்போடு சேர்த்து, அழுகையை அடக்க வழியில்லாமல் ஆராரோ பாடத் தொடங்கினாள். அவனுக்காக என்றுகூடச் சொல்ல முடியாது. தனக்காகத்தான்.

அறிவழகனின் உள்ளங்கை எழுந்து வந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

தினமும் செய்வதுதான். பிறந்த சில மாதத்திலிருந்தே, அவள் பாடினால் தொண்டையைப் பிடித்துக்கொள்வான். செல்லம் கொஞ்சுகிறான் என்று அவள் அந்தக் கையை எடுத்து முத்தமிடுவாள். இன்று எடுக்கவில்லை. பாட்டை நிறுத்திப் பார்த்தாள். அவன் கண் திறந்தது. விரலால் தொண்டையை அழுத்தினான், பாடு என்பது போல. மறுபடி பாடினாள். கண் சொக்கியது.

அவனுக்கு இத்தனை நாளும் பாட்டு போய்ச் சேர்ந்த வழி எதுவென்று அவளுக்கு அந்தப் பெஞ்சில் விளங்கியது. உள்ளே எந்த மெஷினும் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. கண்ணீர் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அவன் கை தளர்ந்து கீழே விழும்வரை பாடினாள். பிறகு எழுந்து, மெல்ல நடந்து, இசைப்பிரியாவின் அறைக்குள் போனாள்.

“தூங்கிட்டான்மா.”

சோதனை முடிந்தது. இசைப்பிரியா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. பெரிய பெரிய சத்தம் மட்டும் ஏதோ கொஞ்சம் போகலாம்.

“மெஷினு சரியா வேலை செய்யுதுங்களா?” என்று கேட்டான் குமரவேல்.

அவள் கோபப்படவில்லை. “எல்லா அப்பாவும் கேக்கறதுதான் அண்ணா. சரியா இருக்கு. டாக்டர் வந்ததும் இன்னொரு தடவையும் பாத்துடலாம். முதல்ல காது மெஷின் மாட்டிப் பழக்கணும். அது போதுமா, ஆபரேஷன் வேணுமான்னு அப்புறம் சொல்வாங்க. கூடவே பேச்சுப் பயிற்சி. வீட்டுல ஓயாம பேசிக்கிட்டே இருக்கணும். முகத்தைப் பாத்துப் பேசணும்.”

“தம்பி பேசுவானா?” தமிழ்மொழி கேட்டாள்.

“காதுக்குப் போனாத்தான் வாய்க்கு வரும் பாப்பா. போக வைப்போம். நாளாகும். நீ நெறைய பேசுவியா?”

“ஓயாம பேசுவேன்” என்றாள் அவள். அப்பா சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை. விஜயலட்சுமியின் போன் வந்தது. குமரவேல் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடும் வயல்களைப் பார்த்தான். “என்னடா சொன்னாங்க? ஒண்ணுமில்லதான? நான்தான் சொன்னேனே! நாளைக்குக் காலைல வரேன். புள்ளையோட துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு” என்றது குரல். அவன் “சரிக்கா, வா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

“ஏங்க?” என்றாள் மலர்கொடி.

“எப்பிடி மலரு சொல்றது? ஊரெல்லாம் பெருமை பேசினவன் நானு. நாளைக்கு வரட்டும். பாத்துக்கலாம்.”

எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது.

வீடு வந்ததும் குமரவேல் சட்டைகூடக் கழற்றாமல் படுத்துவிட்டான். பிள்ளைகள் இருவரும் அவன் பக்கத்தில் சுருண்டார்கள். மலர்கொடி பின்வாசலுக்கு வந்தாள். குழாயில் மாலைத் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. அது கொஞ்ச நேரம்தான் வரும், பிறகு மறுநாள் காலையில்தான்.

உமாராணி வீட்டுப் பின்பக்கம் பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குப் போயிருப்பதாக எதிர் குவார்ட்டர்ஸில் சொன்னார்கள். அவள் கணவர் சுப்பிரமணியனுக்கு செகண்ட் ஷிப்ட், ராத்திரிதான் வருவார். சாவு வீட்டிலிருந்து வருகிறவளுக்கு, வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தண்ணீர் வேண்டும். வெளியே இருந்த டிரம்மில் அடித்தண்ணீர்தான் கிடந்தது.

மலர்கொடி தெருவைப் பார்த்தாள். யாருமில்லை. தன் வாளியை நிரப்பினாள். வேலி இடுக்கில் உடம்பைக் குறுக்கி நுழைந்து, டிரம்மின் பழைய தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, உள்ளே கழுவினாள். பிறகு வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றினாள். தன் வீட்டுத் தொட்டி நிரம்பவில்லையே என்ற நினைப்பு நடுவில் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

அவள் சொன்ன வார்த்தைக்கு நேரில் போய், முகத்தைப் பார்த்து, வாய்விட்டு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது. துண்டு போட்டு மூடி அரைத்த அந்தப் பகல்கள் வேறு கணக்கு. சொல்லாமல் செய்ததற்குச் சொல்லாமல்தான் செய்ய வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

டிரம் விளிம்பு வரை நிறைந்தபோது குழாயில் தண்ணீர் நூலாகி நின்றது. மூடியைச் சாத்தினாள். மேலே சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். ஈரமான புடவைக் கொசுவத்தைப் பிழிந்துவிட்டு, வந்த இடுக்கு வழியாகவே தன் வீட்டுக்குத் திரும்பினாள்.